ஞானதுரை தனியாக அடிக்கும்போது

இல்லை தம்பி, வீணை இல்லை. கிட்டார்தான். பேஸ் கிட்டார். மற்ற கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதான். இரண்டு அறுந்துபோனதா என்று நீங்களும் கேட்டுவிடாதீர்கள், ஏறும்போதே கண்டக்டர் கேட்டுவிட்டார். போன மாதம் ஒரு அம்மாள், "வயசாயிட்டுன்னு ரெண்டைக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டார். யாருக்கு வயசாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

நான் எதையும் மறப்பதில்லை. என் வீட்டுக்காரி சொர்ணம் அதை வியாதி என்கிறாள். நான் ஞாபகசக்தி என்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நிற்க வைத்தது ஒரு கணக்கு வாத்தியார். அவர் செத்துப்போய்விட்டார். இருந்தாலும் மன்னிக்கவில்லை.

என் பேர் கொம்பையா. செவ்வந்தி இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம், எங்கே கூப்பிட்டாலும் போவோம். பாட்டுக்கு அடியில் தும், தும் என்று ஒன்று போகும் இல்லையா? அதுதான் நான். கேட்டதில்லையா? பரவாயில்லை. கேட்டதாகச் சொன்னவர்கள் குறைவு.

எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிப்பவன் ஞானதுரை. ஆலங்குளத்துக்காரன். இந்தக் கதையே அவனைப் பற்றித்தான். இல்லை, கிட்டாரைப் பற்றி. இரண்டும் ஒன்றுதான், கேளுங்கள்.

என் கொழுந்தியாள் கல்யாண வரவேற்பு. சங்கரன்கோயிலில். எங்கள் குழுவைத்தான் வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் நாங்கள் ஒரு பாட்டு வாசிப்போம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நாலு சுற்று பேஸ் மட்டும். வாழ்க்கையில் எனக்கென்று இருந்த இடம் அந்த நாலு சுற்றுதான். முன்வரிசையில் மாமனார், மாமியார், மச்சினன்மார் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் சுற்று வாசித்தேன். இரண்டாவது சுற்றில் கை வைத்தேன். இந்த ஞானதுரை டமடமவென்று உள்ளே விழுந்து, மிச்சத்தை எல்லாம் அவனே அடித்துத் தள்ளிவிட்டான். ஜனம் விசில் அடிக்கிறது. என் மாமியார் சொர்ணத்தின் பக்கம் திரும்பி, "மாப்ள எப்பம் வாசிப்பாவ?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டீர்களா? எப்பம் வாசிப்பாவ!

மறுநாள் காலையில் டீக்கடையில், குழு மொத்தமும் கேட்க, சாஸ்தா மேல் சத்தியம் செய்தேன். "இவன் தனியா அடிக்கும்போது என் கை இந்தக் கிட்டார் மேல படாது." அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன் தனியாக அடிக்கும்போது எப்படியும் மற்றவர்களும் வாசிக்காமல்தானே இருப்பார்கள் என்று கேட்பீர்கள். இருப்பார்கள். அவர்கள் சும்மா இருப்பது வேறு, நான் சும்மா இருப்பது வேறு. நான் கிட்டாரை விட்டுக் கையை எடுத்து, நெஞ்சுக்கு நேரே கட்டிக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் அடித்து முடிக்கும்வரை அசைய மாட்டேன். என் வெறுப்பு அவனுக்கு உறைக்க வேண்டும் இல்லையா?

வேலை விஷயமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாடுகிற புஷ்பலதா இருக்கிறாள். அவள் நடுவில் நிற்பாள்.

"ஏம்மா, அந்த ஆளை அடுத்த பாட்டு வேகமாப் போகக் கூடாதுன்னு சொல்லு."

"ஞானதுரை அண்ணே, வேகமாப் போகக் கூடாதாம்."

"சரின்னு சொல்லும்மா."

"சரியாம், அண்ணாச்சி."

நாங்கள் மூன்று பேரும் இருப்பது ஒரே மேடையில். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

இந்த வருஷம் சித்திரைக்கு முன்னால் எங்கள் லீடர் தாமோதரன் ஒரு காரியம் செய்தார். அவர்தான் கீபோர்டு. என் கிட்டாருக்கென்று புதிதாக ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வாங்கிவந்தார். அதற்கு முன்னால் இருந்தது சின்னது, டிபன் பெட்டி மாதிரி. இது பீரோ மாதிரி. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். கடைசியில் என் அருமை தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பழைய பெட்டி எரிந்துபோனதால்தான் வாங்கினார் என்று சொர்ணம் சொல்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

பெட்டி பெரிசாகிவிட்டதா, மேடையில் இடம் போதவில்லை. என்னையும் பெட்டியையும் ஞானதுரையின் டிரம்ஸை ஒட்டி நிற்க வைத்துவிட்டார் தாமோதரன். கை நீட்டினால் அவன் டிரம்மைத் தொடலாம். தொட்டதில்லை.

முதல் ஒத்திகையிலேயே வந்தது அந்தச் சத்தம். உம்ம்ம்ம் என்று. பானைக்குள் வண்டு விழுந்த மாதிரி. இல்லை, வயிற்றுவலிக்காரன் போர்வைக்குள் கிடந்து முனகுகிற மாதிரி.

தாமோதரன் கீபோர்டை நிறுத்தினார். "அண்ணாச்சி, உங்க கிட்டார் முனங்குது."

"நான் வாசிக்கவே இல்லையே."

"அதைத்தான் சொல்லுதேன். வாசிக்காமலே முனங்குது."

வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய ரேடியோப் பெட்டியில் செருகி எல்லாக் கம்பியையும் அடித்துப் பார்த்தேன். ஒரு முனகலும் இல்லை. சொர்ணத்தைக் கூப்பிட்டேன். "எதாவது கேக்குதா?"

"மிக்சி சத்தம்தான் கேக்கு."

"மிக்சியை நிப்பாட்டிட்டுக் கேளேன்."

நிறுத்தினாள். காது கொடுத்தாள். "ஒண்ணுமில்ல. ஏங்க, ஒருவேளை நீங்க முனங்குதீங்களோ? தூக்கத்துல முனங்குவீங்கல்லா."

அதையும் விடக் கூடாது என்று, அடுத்த ஒத்திகைக்கு வாயில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். உம்ம்ம்ம்! ஆக, நான் இல்லை. கிட்டார்தான். சந்தேகமே இல்லை.

கம்பியை மாற்றினேன். நாலையும். முனகல் நிற்கவில்லை. கம்பி கட்டையில் உரசுகிறதோ என்று அடியில் இருக்கிற திருகாணியைத் திருகிக் கம்பியை உயர்த்தி வைத்தேன். அழுத்தி அழுத்தி விரல் கொப்பளித்தது, முனகல் நிற்கவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி ஒயரை எல்லாம் பார்த்தேன். கிட்டார் வயிற்றுக்குள் ஒரு கரப்பான் செத்துக் கிடந்தது. இதுதான் என்று நினைத்து எடுத்துப் போட்டேன். செத்த கரப்பான் எப்படி முனகும் என்று சொர்ணம் கேட்டாள். கேட்டது நியாயம்தான், ஆனால் கேட்ட தொனி சரியில்லை.

அப்புறம் அவளே திருஷ்டி என்றாள். எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவிக் கயிறு கட்டிக் கிட்டாரின் தலையில் தொங்கவிட்டாள். ஒத்திகையில் நான் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பழம் கட்டையில் மோதி டொக், டொக் என்றது. "அண்ணாச்சி, இப்பம் ரெண்டு சத்தம் வருது" என்றார் தாமோதரன்.

எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்லத் தேவையில்லை. "ஏம்மா, என் கிட்டாருக்கு எதாவது பண்ணி வச்சிருக்காரான்னு அந்த ஆள்கிட்ட கேளு" என்றேன். புஷ்பலதா கேட்டாள். அவன், "நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன், செய்வினை எல்லாம் நமக்குத் தெரியாதுன்னு சொல்லும்மா" என்றான். எவ்வளவு தந்திரமான பதில் பாருங்கள்.

கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடை வந்தது. பெரிய கொடை. அதற்கு முந்தின ஒத்திகையில் தாமோதரன் என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். தோளில் கை போட்டார். கை போட்டாலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, கொடையில இந்தச் சத்தம் வரக் கூடாது. வந்துச்சுன்னா, இதோட நீங்க வீட்டுல இருந்துக்கிடுங்க. பேஸை நான் கீபோர்டுலயே பாத்துக்கிடுதேன். என் இடது கை சும்மாதான இருக்கு."

தம்பி, நான் முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, அவருடைய சும்மா இருக்கிற இடது கைக்குச் சமம்! இதையும் எழுதாமலே மனசில் வைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டேன். வீட்டில் இருந்து நான் என்ன செய்வேன்? சொர்ணம் என்னை ரேஷன் கடைக்கு அனுப்புவாள். ரேஷன் கடைக்காரனோடும் எனக்குப் பேச்சு கிடையாது.

திரும்பி உள்ளே வந்தால், புஷ்பலதா என் கிட்டார் முன்னால் நிற்கிறாள். "அண்ணாச்சி, நான் ரெண்டு நாளாக் கவனிச்சிட்டு வாரேன். ஞானதுரை அண்ணன் தனியா அடிக்கையில மட்டுந்தான் இது முனங்குது. அதாவது, நீங்க கை கட்டுற நேரத்துல மட்டும்."

"அதுக்கு?"

"அண்ணே, அந்தப் பெரிய டிரம்மை ஒரு அடி அடிங்க" என்றாள். அவன் அடித்தான். டம்! நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த என் கிட்டார், யாரும் தொடாமலே, உம்ம்ம்ம் என்றது. புஷ்பலதா உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்தாள். "இப்பம் அடிங்க." டம்! சத்தம் இல்லை. கையை எடுத்தாள். டம்! உம்ம்ம்ம். கையை வைத்தாள். டம்! இல்லை.

"டிரம்ஸ் அதிர்ச்சியில சும்மா கிடக்கிற கம்பி ஆடுது அண்ணாச்சி. பெட்டி பெருசாயிட்டுல்லா, அதையும் பெருசாக் காட்டுது. வாசிக்காத நேரம் கம்பி மேல ஒரு கையை வச்சுக்கிட்டீங்கன்னா தீர்ந்துச்சு."

"ஆக, சத்தத்துக்குக் காரணம் அவன் டிரம்ஸ்" என்றேன் நான்.

"உங்க கம்பி, அண்ணாச்சி."

"ஆட்டுறது யாரு? மெதுவா அடிக்கச் சொல்லு அந்த ஆளை."

"அண்ணே, மெதுவா அடிக்கணுமாம்."

"மெதுவா அடிக்க இதென்ன தொட்டில் பிள்ளையான்னு கேளும்மா."

இதுதான் என் நிலைமை. கையை வைத்தால் முனகல் நிற்கும். கையை வைக்க மாட்டேன் என்று சாஸ்தா மேல் சத்தியம். பெட்டியை அணைத்துவிட்டால் என்ன என்றேன். பாட்டு நடுவில் அணைத்துப் போட்டால் டமார் என்று வெடிக்கும், ஜனம் எழுந்து ஓடும் என்றார் தாமோதரன். கிட்டாரிலேயே சத்தத்தைக் குறைக்கிற குமிழ் இருக்கிறது. அதைத் திருகவும் கைதானே வேண்டும்? ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் தாமோதரனின் இடது கை. அந்த வாரம் சோறு இறங்கவில்லை. இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

கொடைக்குப் போனோம். நல்ல கூட்டம். ஆரம்பத்தில் கொடைக் கமிட்டித் தலைவர் மேடையேறி எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு போர்த்தி மரியாதை செய்தார். சரிகைக்கரை போட்ட துண்டு. எனக்கும் போர்த்தினார். போர்த்தும்போது, "நீங்க என்ன பண்ணுதீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பேஸ் என்றேன். "அப்படியா" என்றார். சரி, அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டு நன்றாகத்தான் போனது. ஞானதுரை தனியாக அடிக்கிற பாட்டு வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். நானும் கையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மனசுக்குள், "ஏ கிட்டாரே, இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடு" என்று கெஞ்சினேன். அவன் அடிக்க ஆரம்பித்தான். அந்தப் பெரிய டிரம்மில் ஒன்று கொடுத்தான். உம்ம்ம்ம்! முன்வரிசையில் ஒரு கிழவர் தன் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் தாமோதரனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை மெல்ல, மெல்ல, கீபோர்டில் பேஸ் இருக்கிற கடைசிக்கு ஊர்ந்துபோகிறது. விரலெல்லாம் விரித்துக்கொண்டு!

அப்போதுதான் சாஸ்தா எனக்கு வழி காட்டினார். கை படாது என்றுதான் சத்தியம். துணி படாது என்று நான் சொல்லவே இல்லை! தோளில் கிடந்த துண்டை உருவினேன். ரெண்டாக மடித்துக் கம்பி மேல் போட்டேன். அது வழுக்கி விழாமல் இருக்க, கட்டின கையோடு அதன் மேல் சாய்ந்து, தலையைக் குனிந்து அழுத்திக்கொண்டேன். துணிக்கு மேலேதான் கை. கம்பி மேல் இல்லை. முனகல் பட்டென்று நின்றது. சுத்தமாக நின்றது. தாமோதரனின் இடது கை பழைய இடத்துக்குத் திரும்பியது. என் உயிரும்தான்.

நான் பாட்டுக்குத் தலையைக் குனிந்து நிற்கிறேன். டிரம்ஸ் திடீரென்று வேறு மாதிரிக் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால், ஞானதுரை என்னைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறான். கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிகிறது. இவனுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடித்து முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. கமிட்டித் தலைவர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அன்பான பொதுமக்களே! பெரியவரு என்ன பண்ணுனாருன்னு பாத்தீங்களா? ஒரு கலைஞன் வாசிப்பைக் கேட்டு, நாம போர்த்தின துண்டை இறக்கி, கையைக் கட்டி, தலை குனிஞ்சு நிக்காரு! சாமி சந்நிதியில நிக்கிற மாதிரி! இதுதான்யா பண்பாடு!"

ஒரே விசில். ஞானதுரை டிரம்ஸை விட்டு எழுந்து வந்து, கிட்டாரோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நான் தனியா அடிக்கும்போதெல்லாம் நீங்க கை கட்டி மரியாதையா நிப்பீங்க. இத்தனை வருசமா எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பேசாட்டி என்ன, மனசுல இருக்கேன்னு நெனச்சுக்கிடுவேன். இன்னைக்குத் துண்டையும் எடுத்துட்டீங்களே!"

மரியாதையாம்! நான் வெறுப்பில் கட்டின கையை இவன் இத்தனை வருஷமாக மரியாதை என்று வரவு வைத்திருக்கிறான். அந்த இடத்திலேயே மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஊரே நின்று கைதட்டும்போது மறுத்துப் பேசுவது நன்றாக இருக்காது. தட்டி முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் முடிக்கவே இல்லை.

அப்புறம் டீ குடிக்கும்போது, கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் முந்திக்கொண்டது. "அன்னைக்கு சங்கரன்கோயில்ல என் இடத்துல ஏன்ல விழுந்த?"

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "உங்க கிட்டார் சத்தமே கேக்கலையே அண்ணாச்சி. மறந்துபோயி நிக்கீங்கன்னு நெனச்சேன். மாமனார் வீட்டாளுக முன்னால உங்களுக்குக் கேவலமாயிரக் கூடாதேன்னுதான் உள்ள விழுந்து அடிச்சேன்."

கேட்டீர்களா தம்பி? என் மானத்தைக் காப்பாற்றினானாம்! நான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்குக் கேட்கவில்லையாம். புஷ்பலதாவைக் கேட்டேன். "பழைய பெட்டியில எங்க கேக்கும் அண்ணாச்சி" என்று அவள் தரையைப் பார்த்தாள். ஆக, யாருக்குமே கேட்டதில்லை. முப்பது வருஷத்தில் இந்தக் கிட்டாரை ஊர் கேட்டது என்றால், அந்த முனகலைத்தான். அதையும் நான் வாசிக்கவில்லை.

ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. தாமோதரனோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த டிபன் பெட்டி ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்தது அவர்தானே? ஆனால் குழுவில் என் இடம் பத்திரமாக இருக்கிறது. "அண்ணாச்சி இல்லாத மேடையில நான் உக்கார மாட்டேன்" என்று ஞானதுரை அவரிடம் சொல்லிவிட்டானாம். நான் கேட்டேனா? நான் கேட்கவே இல்லை.

இப்போது என் தலைவலி வேறு. இவன் பேச ஆரம்பித்துவிட்டான். வேனில் என் பக்கத்தில்தான் உட்காருவேன் என்கிறான். உட்கார்ந்தால் வாயை மூடுவதில்லை. மருமகன் கதை, சர்க்கரை மாத்திரை கதை, பக்கத்து வீட்டு நாய் கதை. பேசாத வருஷத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறான். எனக்கு அவனிடம் பேச ஒன்றும் இல்லை. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் திட்டு. அதைத் தவிர நல்லதாக ஒன்று சொல்லலாம் என்றால் வாய்க்கு வருவதில்லை. "வேன் எனக்கு ஒத்துக்கல, தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு இன்றைக்குக் கடையத்துக் கச்சேரிக்கு பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது. நீங்களும் நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறீர்கள்.

இது எந்த ஊர்? ஆலங்குளம் வந்துவிட்டதா?

அட சாஸ்தாவே. அந்தா பாருங்கள், கடை வாசலில், மஞ்சள் சட்டை. கையைக் கையை ஆட்டுகிறான். எந்த பஸ் என்று சொர்ணம்தான் போனில் சொல்லியிருப்பாள். அவளை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஏறிவிட்டான். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு வருகிறான் பாருங்கள், கடையத்துக்குப் போகும்வரை இனி அந்த நாய் கதைதான்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் எழுந்து நின்றுகொள்கிறீர்களா? அவனுக்கு வலது முட்டி ஆகாது. அந்தப் பெரிய டிரம்மைக் காலால் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோய்விட்டது. ரொம்ப நேரம் நிற்க மாட்டான்.